மச்சான் பிடித்த கயிறு

யய்யா,

நாலு தடவ போன் போட்டேன், நீ எடுக்கல. எடுக்காதது நியாயந்தான். ஒன் எடத்துல நான் இருந்தா போனத் தூக்கிக் கடல்ல எறிஞ்சிருப்பேன். அதனாலதான் பேப்பரும் பேனாவுமா உக்காந்துருக்கேன். ஒன்பதாங் கிளாசோட கடல்ல எறங்குனவன் கையெழுத்து, கோழி கிண்டுன மாதிரித்தான் இருக்கும், பொறுத்துப் படி. போன ஞாயித்துக்கெழம கோயில்ல ஒனக்கு ரெண்டாவது கல்யாண ஓலை வாசிச்சாச்சு. ஒம் பேரையும் ஜாஸ்மின் பேரையும் சாமியார் வாசிச்சு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லலாம்னு கேட்டப்ப, நான் கடைசி பெஞ்சில தூணோரமா தனியா உக்காந்துருந்தேன். பக்கத்துல ஒங்கம்மா இல்ல. அவ வேம்பாருக்குப் போயி இன்னையோட ஏழு நாளாச்சு. சொந்தக்காரங்களுக்குப் பத்திரிக்கை வைக்கப் போயிருக்கேன்னு ஒன்ட்ட சொல்லிருப்பா. அது இல்ல விசயம். நான் அவட்ட ஒரு உண்மையச் சொன்னேன், அவ எந்திரிச்சுப் போயிட்டா. ஒங் கல்யாணத்துக்கு முன்ன வருவாளான்னு எனக்குத் தெரியல. அந்த உண்மைய ஒனக்கும் சொல்லணும். கடைசி வரைக்கும் படி, அதுக்குப் பொறவு கிழிச்சுப் போடணும்னு தோணுனா கிழிச்சுப் போடு.

மொதல்ல நான் ஒன்னச் சொன்ன சொல்லுக்கு வாரேன். அன்னைக்கு டீக்கடைல உக்காந்துருக்கேன், எதுத்தாப்புல இருந்தவன் ஒருத்தன், "அண்ணாச்சி, ஒம்ம மவன் கப்பல்ல எறங்கப் பயந்துட்டானாம்லா" ன்னான். கூட இருந்த நாலு பேரும் கிளாசுக்குள்ள சிரிச்சான். துறைமுகத்துல மரத்தடி ஏத்திட்டு வந்த கப்பல், அடித்தட்டுக்குள்ள எறங்கணும், நீ ஆறு பேருக்கு மேஸ்திரி. காத்து அளக்குத மீட்டர் வந்து சேரல. மூடிக் கெடந்த அறைக்குள்ள மரம் காத்தத் தின்னுருக்கும், அளந்து பாக்காம என் ஆளுவள எறக்க மாட்டேன்னு நீ ஏணிக்குக் குறுக்க நின்னுட்ட. கத்திருக்காவ, திட்டிருக்காவ, நீ நகரல. வேற கும்பலக் கொண்டாந்து எறக்குனாவ. எறங்குனவன்ல ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல, சாயங்காலம் சிரிச்சிட்டே ஏறி வந்தானுவ. மறுநாள்ல இருந்து ஒன்ன வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டான் அந்தக் காண்ட்ராக்ட்காரன். இதெல்லாம் நீ வீட்டுக்கு வந்து சொல்லுததுக்கு முன்னயே டீக்கடை எனக்குச் சொல்லிட்டு.

அன்னைக்கு மத்தியானம் கல்யாணப் பத்திரிக்கையோட மாதிரியக் காட்ட ஜாஸ்மினோட அண்ணன் அருள் வந்துருந்தான். மூணு பேரும் சாப்பிட உக்காந்தோம். ஒங்கம்மா குழம்ப ஊத்திட்டு நிக்கா. நீ நடந்ததச் சொன்ன. நிதானமாத்தான் சொன்ன, வேலை போனதக்கூட வருத்தமில்லாமச் சொன்ன. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கல. டீக்கடைச் சிரிப்பு காதுல இருக்கு. "அடுத்தவன் எறங்கி ஏறி வந்த எடத்துல எறங்கப் பயந்துட்டு வந்துருக்கியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையால?" ன்னேன். நீ கட்டிக்கப் போறவளோட அண்ணன் முன்னால சொன்னேன். அருள் தலைய நிமித்தவே இல்ல, சோத்தப் பெசஞ்சுட்டே இருந்தான். நீ தட்டத் தள்ளி வச்ச. எந்திரிச்ச, கையக் கழுவுன, பையில நாலு துணிய எடுத்துப் போட்ட. முத்தையாபுரத்துல கூட்டாளி ரூமுக்குப் போயிட்ட. இது நடந்து மூணு வாரம் ஆகப் போவுது.

யய்யா, அந்தச் சொல்ல நான் என் ஆயுசுல ரெண்டு பேருட்டத்தான் சொல்லிருக்கேன். ஒருத்தன் நீ. இன்னொருத்தன் ஒந் தாய்மாமன் சூசை. அவன்ட்ட சொன்னதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும்னு நீ நெனச்சிட்டிருக்க. ஒனக்குத் தெரிஞ்ச கதை இதான்: அப்பா சங்கு குளிக்கப் போனாரு, மாமா மேல நின்னு கயித்தப் பிடிச்சிருந்தாரு, கவனமில்லாம இருந்து நேரத்துக்குத் தூக்கல, அதனால அப்பா கால் போச்சு, அதனால அம்மா அவரு மூஞ்சில முழிக்கதில்ல. ஊரே அந்தக் கதையத்தான் சொல்லுது. நான் அத ஒருநாளும் சொன்னதில்ல. ஆனா அது பொய்யின்னும் ஒருநாளும் சொன்னதில்ல.

நம்ம கடற்கரைல முத்துக் குளிச்ச காலத்துல இருந்து ஒரு பழக்கம் உண்டு. தண்ணிக்குள்ள முங்குதவனோட கயித்த மேல தோணில பிடிச்சிட்டு நிக்கவன் அவன் மச்சானாத்தான் இருக்கணும். கூடப் பொறந்தவன் வேண்டாம், பெண்டாட்டியோட கூடப் பொறந்தவன்தான். ஏன்னு கேட்டா, அண்ணன் தம்பிக்குள்ள சொத்துச் சண்டை இருக்கும், கூட்டாளிக்குள்ள பொறாமை இருக்கும். ஆனா தங்கச்சி தாலி தண்ணிக்குள்ள கெடக்குன்னு தெரிஞ்சவன் கண்ண அங்கிட்டு இங்கிட்டு திருப்ப மாட்டான். முத்து போயி சங்கு மட்டும் மிஞ்சுச்சு, அப்புறம் கம்ப்ரசர் வந்துச்சு. தோணில எஞ்சின் ஓடும், அது காத்த அடிக்கும், நீள டியூப் வழியா அந்தக் காத்து நம்ம வாய்க்கு வரும். மூச்சடக்க வேண்டியதில்ல, கீழ எவ்வளவு நேரமும் கெடக்கலாம். ஆனாலும் கயிறு மாறல. இடுப்புல கட்டுன கயித்தோட மறுமுனை மச்சான் கைல. கீழ இருந்து ரெண்டு இழு இழுத்தா தூக்குன்னு அர்த்தம். மேல இருந்து ரெண்டு இழு இழுத்தா போதும், ஏறி வான்னு அர்த்தம். எனக்கும் சூசைக்கும் ஒரே வயசு, பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. அவன் தங்கச்சிய நான் கட்டுன மறுநாளே அவன் என் கயித்த எடுத்துக் கைல சுத்திக்கிட்டான். எட்டு வருசம் அவன் கைலதான் அந்தக் கயிறு இருந்துச்சு.

நீ அப்ப ரெண்டாங் கிளாஸ். ஒருநாள் நல்ல சங்குப் பார் ஒண்ணு மாட்டுச்சு, கைய வச்ச எடமெல்லாம் சங்கு. நான் சங்கு போடுத மால் பைல பாதிதான் ரொப்பிருப்பேன், மேல இருந்து ரெண்டு இழு வருது. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். ஏறி வந்து, என்னலே ஆச்சுன்னு கேட்டா, "எஞ்சின் சத்தத்துல ஒரு பிசிறு கேட்டுச்சு மச்சான், மனசுக்குச் சரியாப் படல" ங்கான். சம்மாட்டி, அதான் தோணிக்குச் சொந்தக்காரரு, எஞ்சினப் பாத்தாரு, ஒண்ணும் இல்லன்னுட்டாரு. கூட முங்குத இன்னொருத்தனும் ஏறி வந்துட்டான், அவன் சிரிச்சான். நான் சூசையப் பாத்து, "நீயெல்லாம் ஒரு ஆம்பளையால? போயி ஒந் தங்கச்சி கூட குசினில உக்காந்து வெங்காயம் உரி" ன்னேன். அதோட நிறுத்துனனா? "இனி நான் கீழ இருந்து இழுக்காம நீ கயித்துல கைய வச்சே, மச்சான்னு பாக்க மாட்டேன்" ன்னு சொன்னேன். ஈரக் கயித்த வட்டமா சுத்தி வச்சுட்டு எனக்கு டீ ஊத்திக் குடுத்தான். அந்த டீய நான் குடிச்சேன்.

அடுத்த வாரம் பதிமூணு பாகம், கிட்டத்தட்ட எம்பது அடி ஆழத்துல முங்குனேன். இத்தன ஆழத்துல இவ்வளவு நேரம்தான் இருக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, படிச்சு வந்த கணக்கு இல்ல, அடிபட்டு வந்த கணக்கு. அந்த நேரம் வந்தா சூசை தானா ரெண்டு இழு இழுப்பான், எட்டு வருசத்துல ஒருநாள் தவறுனதில்ல. அன்னைக்கு இழு வரல. எனக்குக் கீழயே தெரியுது, நேரம் தாண்டிட்டுன்னு. ஏறிருக்கலாம். நானா இழுத்துருக்கலாம். இழுத்தா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிரும்லா, அதான் இழுக்கல. மால் நெறஞ்சு போச்சு, சட்டைக்குள்ள ரெண்டு சங்கத் திணிச்சேன், இன்னும் கெடந்தேன். அப்புறம் நெஞ்சு என்னமோ பண்ண ஆரம்பிச்சுது, பயந்து போயி மளமளன்னு ஏறிட்டேன். அப்படி ஏறவே கூடாது. தோணில உக்காந்து சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தேன். கொஞ்ச நேரங்கழிச்சு எந்திரிக்கலாம்னு பாத்தா, இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணுமே இல்ல. ரத்தத்துல காத்து குமிழியாக் கெளம்பி நரம்ப அடச்சிட்டுன்னு டாக்டர் பின்னால சொன்னாரு. சூசை என்னத் தோள்ல போட்டுக்கிட்டு கரைல ஓடுனான். அவன் அழுததோட ஈரம் என் கன்னத்துல பட்டுட்டே வந்துச்சு.

இனி சொல்லப் போறதுதான் நான் இருவத்திரெண்டு வருசமா முழுங்கி வச்சிருக்குதது. ஆஸ்பத்திரில என்னக் கட்டில்ல போட்டிருக்கு. ஒங்கம்மா தலைய விரிச்சுப் போட்டு ஓடி வாரா. வந்தவ என்னப் பாக்கல, நேரா சூசையப் பாத்தா. "அண்ணே, கயிறு ஒங் கைலதான இருந்துச்சு? ஏன் தூக்கல?" ன்னு கேட்டா. சூசை என்னத் திரும்பிப் பாத்தான். அவன் கண்ணு என்ட்ட ஒண்ணுதான் கேட்டுச்சு, நீ சொல்லுதியா மச்சான்னு. எனக்கு நெனவு நல்லா இருந்துச்சு, வாயும் நல்லா இருந்துச்சு. நாந்தான் கயித்தத் தொடாதன்னு சொன்னேன்னு ஒரு வரி சொன்னாப் போதும். நான் கண்ண மூடிக்கிட்டேன். மயக்கம்னு ஒங்கம்மா நெனச்சா. மயக்கம் இல்லங்கது சூசைக்குத் தெரியும். அவன், "கவனிக்காமப் போயிட்டேன் தங்கச்சி" ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டான்.

ஏன் அப்படிச் சொன்னான்னு நான் பல வருசம் யோசிச்சதே இல்ல, யோசிக்க பயம். இப்ப தெரியுது. கட்டுனவன் தன் திமிருக்குக் கால விட்டுட்டான்னு தெரிஞ்சா, தங்கச்சி இவனுக்கு எப்படிப் பீயள்ளிப் போடுவா, எந்த மனசோட சோறு ஊட்டுவான்னு அவன் நெனச்சிருக்கான். அண்ணன வெறுத்துட்டு புருசனப் பாத்துக்கிடட்டும்னு விட்டுட்டான். பெறவு அவன் ஒரு தோணிலயும் கால வைக்கல. எவனும் கூப்பிடவும் இல்ல, கயித்தக் கோட்டை விட்டவன்னு பேராயிட்டே. குடும்பத்தோட வேம்பாருக்குப் போயி உப்பளத்துல வாருபலகை பிடிச்சான். ஒவ்வொரு வருசமும் கோயில் கொடியேத்தத்துக்கு வருவான், கூட்டத்துல தள்ளி நின்னு ஒங்கம்மாவப் பாப்பான். ஒருதடவ, நீ அஞ்சாங் கிளாஸ் இருக்கும், ஒங் கைல ஒருத்தரு பனங்கற்கண்டுப் பொட்டலம் குடுத்தாருன்னு ஓடி வந்த. நான் அதப் பிடுங்கி சாக்கடைல போட்டேன், ஞாபகம் இருக்கா? நீ அழுத. அவன் எதுத்த வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தான். எனக்கு அவன் மேல கோவம்னு நீங்க எல்லாரும் நெனச்சிய. அவன் மூஞ்சியப் பாக்க எனக்கு முடியல, அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ள நான் எப்படி ஆம்பளையா இருந்தேங்கது ஒனக்கே தெரியும், இருந்தாலும் என் வாயால கேளு. ஆறு மாசத்துல ஒரு காலுக்குக் கொஞ்சம் உசுர் வந்துச்சு, கம்ப ஊனி நடக்கலாம்னாவ. கம்பு வேண்டாம்னு சுவரப் பிடிச்சு நடந்து விழுந்தேன். ஒங்கம்மா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்னப்ப, பொம்பளை சம்பாத்தியத்துல தின்ன மாட்டேன்னு ரெண்டு நாள் பட்டினி கெடந்தேன். மூணாவது நாள் பசிச்சுது, தின்னேன். ஒருநாள் பஸ்ல ஏறப் போனேன், படி உசரம், கண்டக்டர் பையன் எறங்கி கையக் குடுத்தான். "கைய எட்றா, நான் பதிமூணு பாகம் முங்குனவன்" ன்னேன். ஏறத் தெரியாம ரோட்டுல குப்புற விழுந்தேன். நீ பள்ளிக்கூடப் பையோட பாத்துட்டு நின்ன. ஒங்கம்மாதான் முட்டி மண்ணத் தட்டிவிட்டா. அன்னைல இருந்து நான் பஸ்சே ஏறுனதில்ல. ஒருத்தன்ட்டயும் கை கேட்டதுமில்ல. பாரு, மச்சானக் குசினில போயி வெங்காயம் உரின்னு சொன்னவன், இருவது வருசமா குசினில உக்காந்து வெங்காயம் உரிக்கேன். அதுல ஒரு குறைச்சலும் இல்லன்னும் இப்ப சொல்லுதேன். என் கையால வச்ச சாளைக் கொழம்ப நீ நக்கித் தின்னுட்டு வளந்தவன்தான.

நீ பையத் தூக்கிட்டுப் போன மறுநாள் அருள் திரும்ப வந்தான், பத்திரிக்கைல தாய்மாமன் பேரு போடுத எடம் காலியா இருக்குன்னு கேக்க. ஒங்கம்மா, "அந்த ஆளு பேரு வேண்டாம்" ன்னுட்டா. கோயிலுக்குக் கெளம்புமுன்ன மாப்பிள்ளைக்கு மொத மாலை போட தாய்மாமன் வேணுமேன்னு அருள் கேக்கான், அவ உள்ள போயிட்டா. அருள் வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி என்ட்ட, "மாமா, கப்பல்ல மச்சான் செஞ்சதுல தப்பில்ல. அறையில காத்து இருந்துச்சு, சரி. இல்லாமப் போயிருந்தா ஆறு வீட்டுக்கு யாரு பதில் சொல்லுவா? சிரிப்பாங்கன்னு தெரிஞ்சேதான் நின்னுருக்காங்க" ன்னான். சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். நான் அங்கனயே படில உக்காந்துட்டேன். எஞ்சின்ல பிசிறு இருந்துச்சோ இல்லியோ, சூசை இழுத்தான். அறையில காத்து இருந்துச்சோ இல்லியோ, நீ குறுக்க நின்ன. மேல நிக்கவனுக்கு உள்ள என்னன்னு தெரியாது, தெரியாததுனாலதான் இழுக்கணும். நூறு தடவ இழுத்து நூறு தடவயும் ஒண்ணுமில்லாமப் போனா நூறு தடவயும் சிரிப்பான். அந்தச் சிரிப்ப வாங்கிக்கிட்டு நூத்தியோராவது தடவயும் இழுக்கான் பாரு, அவன் ஆம்பளை. நான் என் வீட்டுலயே ரெண்டு பேர வச்சிக்கிட்டு, ரெண்டு பேரையும் ஆம்பளையான்னு கேட்டிருக்கேன்.

பத்து நாள் அத நெஞ்சுக்குள்ள போட்டு உருட்டுனேன். அப்புறம் ஒரு காலைல ஒங்கம்மாட்டச் சொன்னேன். அவ சாளை அரிஞ்சிட்டிருந்தா, நான் சொல்லச் சொல்ல கத்தி நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரில நான் கண்ண மூடுனதச் சொன்னப்பதான் நின்னுச்சு. "மயக்கம் இல்லியா?" ன்னு கேட்டா. இல்லன்னேன். "எங்க அப்பா சாவுக்கு அண்ணன் வந்தப்ப நான் மூஞ்சியத் திருப்பிட்டு நின்னேன். அவன் மவ கல்யாணத்துக்குப் போகல. பச்சத் தண்ணி குடுத்ததில்ல அவனுக்கு" ன்னா. சத்தம் போடல, அழல. கையக் கழுவிட்டு, சேலைய மாத்திட்டு, மீன அப்படியே போட்டுட்டு எறங்கிப் போயிட்டா. வாசல்ல நின்னு, "கொழம்ப நீங்களே வச்சுக்கிடுங்க" ன்னு மட்டும் சொன்னா. நான் வச்சேன். ஒரு வாயும் எறங்கல.

முந்தாநாள் போன் பண்ணுனா. சூசை வர மாட்டேங்கானாம். அவனுக்கு என் மேல கோவம் இல்லியாம். "நான் மாலையத் தூக்கிட்டு வந்து நின்னா, இத்தன வருசம் இல்லாம இப்ப என்னன்னு கடற்கரையே கேக்கும். உண்மை வெளிய வந்துரும். மருமவன் கல்யாணத்தன்னைக்கு மச்சானுக்குத் தலைகுனிவு வேண்டாம் தங்கச்சி" ங்கானாம். இன்னமும் என்னத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் ஓடுதான். ஒங்கம்மா சொல்லிட்டா, "அண்ணனக் கூட்டிட்டு வந்தா வருவேன், இல்லேன்னா எம் பிள்ளை கல்யாணத்த இங்கன இருந்தே நெனச்சுக்கிடுதேன்". அவ சொன்னாச் செய்வா, ஒனக்குத் தெரியும்.

அதனால நேத்து காலைல கம்ப எடுத்துக்கிட்டு மீன் ஏலக்கூடத்துக்குப் போனேன். அன்னைக்குத் தோணில இருந்த சம்மாட்டி இப்பவும் அங்கனதான் நாக்காலி போட்டு உக்காந்துருக்காரு. ஏலம் முடிஞ்ச நேரம், பத்திருவது பேரு நிக்கான். எல்லாருக்கும் கேக்க சொன்னேன், "சூசை மேல தப்பில்ல. கயித்தத் தொடாதன்னு நாந்தான் சொன்னேன். கால் போனது என் திமிரால. இத்தன வருசம் வாயத் தொறக்காதது நான்" ன்னு. சம்மாட்டி என்ன நிமிந்து பாத்தாரு. "தெரியும்ல. நீ அன்னைக்குச் சொன்னப்ப நான் தோணியோட பின்னணியத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான இருந்தேன். வாயத் தொறக்கக் கூடாதுன்னு சூசைதான் எங் கையப் பிடிச்சிட்டு அழுதான். நீ என்னைக்குச் சொல்லுவன்னு பாத்துட்டிருந்தேன்" ன்னாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு. இருவத்திரெண்டு வருசமா அந்த மனுசன் எனக்கு வணக்கம் சொல்லுதாரு, நலமாலேன்னு கேக்காரு, அத்தனைக்கும் உள்ள இத வச்சுக்கிட்டு. நான் வெக்கத்துல செத்துருக்கணும். ஆனா திரும்பி வாரப்ப கம்பு லேசா இருந்த மாதிரி இருந்துச்சு.

இனி கடற்கர முழுக்கத் தெரியும். சூசை ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல. ஒனக்கும் நான் ஒளிச்சது ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்ச நாள்ல நீ ஒருத்திக்குப் புருசன். ஒனக்குப் புத்தி சொல்லுத யோக்கியத எனக்கு இல்லன்னாலும் சொல்லிருதேன், ஏன்னா நான் கெட்ட எடம் எனக்குத்தான் தெரியும். ஒனக்குக் கோவம் வரும், எம் பிள்ளைல்லா, வராம இருக்காது. வாரப்ப, ஜாஸ்மின் போதும்னு சொன்னா நிறுத்து. அவ சொல்லுதது சரியா தப்பான்னு கீழ கெடந்துக்கிட்டு வாதாடாத, ஏறி வந்து பேசு. அருளக் கூடவே வச்சுக்க. நீ கடல்ல முங்கப் போறதில்ல, இருந்தாலும் ஒங் கயிறு அவன் கைலதான் இருக்கு. ஒன்னத் திட்டுன வீட்டுக்கு மறுநாளே வந்து, ஒனக்காக என்ட்டயே பேசிட்டுப் போனான், அதுக்கு ஒரு நெஞ்சு வேணும். வேலை போனதப் பத்தி நெனைக்காத. நீ எறக்காம விட்ட அந்த ஆறு பேரும் இன்னைக்குச் சிரிக்கலாம். அவன் பிள்ளைவ ராத்திரி அப்பன் பக்கத்துல படுத்துத் தூங்குது. நான் ஒன்னச் சொன்ன சொல்லத் திரும்ப எடுத்துக்கிடுதேன். சோத்துத் தட்டு முன்னால, அருள் முன்னால சொன்னது. அதே எடத்துல, அருள வச்சுக்கிட்டே ஒன்ட்ட மன்னிப்பு கேப்பேன். இந்தக் கடிதத்த நீ மறைச்சு வைக்க வேண்டாம். அவனுக்கும் குடு, ஜாஸ்மினுக்கும் குடு, யாரு கேட்டாலும் வாசிச்சுக் காட்டு.

சனிக்கெழம காலைல எட்டு மணிக்கு பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து வேம்பாருக்கு பஸ். நான் போறேன். சூசைக்கு முன்னால போயி நின்னு, இந்தத் தடவ கண்ண மூடாமச் சொல்லணும். ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை வாசிக்கப்ப ஒங்கம்மாவும் அவனும் என் பக்கத்துல அந்த பெஞ்சில உக்காந்துருக்கணும், கல்யாணத்தன்னைக்கு அவன் கையால ஒங் கழுத்துல மொத மாலை விழணும். வரச் சம்மதிப்பானான்னு தெரியாது. கேக்கப் போறேன்.

ஆட்டோல போயிரலாம்னு நெனச்சேன், வேண்டாம். பஸ் படி இப்பவும் உசரமாத்தான் இருக்கு, என்னால தனியா ஏற முடியாது. எட்டு மணிக்கு முன்ன வந்து நின்னு, அப்பாவுக்கு ஒரு கை குடு, யய்யா.